டண்டர்ன் மாளிகையைக் கட்டிய சர் ஆலன் மக்நாப் எப்படிப்பட்டவர்?

கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் உள்ள டண்டர்ன் மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். மாளிகையைக் கட்டிய சர் ஆலன் மக்நாபைப் போர்வீரர் என்றும், ஆட்சித் தலைவர் என்றும், ரயில்பாதை முதலாளி என்றும் சொல்கிறார்களே, இவற்றில் எது அவருடைய உண்மையான தொழில்? அமெரிக்கக் கப்பல் ஒன்றை நயாகரா ஆற்றில் எரிக்கச் செய்தவர் அவர்தானா? அந்த வீட்டில் இன்று நாம் பார்க்கும் மேசை, நாற்காலி, கட்டில் எல்லாம் அவர் புழங்கியவைதானா?

முதல் கேள்விக்கு என் பதில், அவை மூன்று தொழில்கள் அல்ல, ஒரே தொழில்தான் என்பது. படைப் பதவி அவருக்கு மரியாதையைத் தந்தது. அந்த மரியாதை சட்டமன்ற நாற்காலியைத் தந்தது. நாற்காலி கடன் வாங்கும் தகுதியைத் தந்தது. கடன்தான் நிலமாகவும் மாளிகையாகவும் ரயில்பாதையாகவும் உருவெடுத்தது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைத் தனியே கழற்றி எடுத்தாலும் மனிதர் நம் கைக்கு அகப்பட மாட்டார். அவரை வீரர் என்று மட்டும் புகழ்கிறவர்களும், ஊழல் முதலாளி என்று மட்டும் ஒதுக்குகிறவர்களும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

ஆலன் நேப்பியர் மக்நாப் 1798 பிப்ரவரி 19 அன்று, இன்று நயாகரா-ஆன்-தி-லேக் என்று வழங்கும் ஊரில் பிறந்தார். தந்தையார் அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்று போரிட்டவர். பின்னர் சிம்கோ என்ற பிரிட்டிஷ் தளபதியின் கீழ் குயின்ஸ் ரேஞ்சர்ஸ் படையில் லெப்டினன்டாக இருந்து, அரைச் சம்பளத்தில் ஓய்வுபெற்றவர். பெயரில் ஸ்காட்லாந்துக் குடிப்பெருமையும் பையில் வெறுமையும் கொண்ட குடும்பம் அது. அரச விசுவாசம் அந்த வீட்டில் ஒரு கொள்கை என்பதைவிடப் பரம்பரைச் சொத்து என்றே சொல்லலாம். பிள்ளைக்கு விட்டுச்செல்ல வேறு சொத்து இருக்கவும் இல்லை.

1812இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டபோது ஆலனுக்கு வயது 14. 1813 ஏப்ரலில் அமெரிக்கர்கள் யார்க் நகரத்தை, அதாவது இன்றைய டொரண்டோவை, பிடித்துக்கொண்டபோது, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையோடு அந்தப் பையனும் சென்றான். சிறிது காலம் கடற்படையிலும், பிறகு 49ஆம் காலாட்படைப் பிரிவில் இளநிலை அதிகாரியாகவும் இருந்து, நயாகரா எல்லைச் சண்டைகளைப் பார்த்தான். போர் முடிந்ததும் படை சுருங்கியது. அவரும் தந்தையைப் போலவே அரைச் சம்பளக்காரரானார். தச்சு வேலை, நிலம் வாங்கி விற்பது, சட்டமன்றத்தில் எழுத்தர் வேலை, மேடை நாடகத்தில் நடிப்பு என்று எதிலெதிலோ கைவைத்துப் பார்த்தார். வழக்கறிஞர் பயிற்சியை மற்றவர்கள் முடிக்கும் காலத்தைவிட வெகுநாள் கழித்தே முடித்து, 1826இல் தொழிலுக்குத் தகுதி பெற்றார். அதே ஆண்டு முதல் மனைவி எலிசபெத் புரூக் இறந்துபோனார். இரண்டு சிறு குழந்தைகளோடு, யார்க்கின் பெரிய குடும்பங்களிடையே தமக்கு இடமில்லை என்பதை உணர்ந்தவராக, அவர் ஹாமில்டனுக்குக் குடிபெயர்ந்தார். அது அப்போது சிற்றூர்தான். ஆனால் ஒண்டாரியோ ஏரியின் மேற்கு முனையில், எல்லாப் பாதைகளும் கூடும் இடத்தில் அமைந்த சிற்றூர். அங்கு நிலம் வைத்திருப்பவர் ஒருநாள் பெரிய மனிதராவார் என்று அவர் போட்ட கணக்கு பொய்க்கவில்லை.

அந்த நிலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பேரில் பிரிட்டிஷ் அரசு பெற்ற பரப்பு அது. மக்நாப் தலைமுறையினர் வாங்கி, விற்று, ஈடுவைத்துச் செல்வம் சேர்த்த மண், அவர்கள் பிறப்பதற்குச் சற்று முன்புதான் வேறொரு மக்களின் கையிலிருந்து போயிருந்தது. அவருடைய கதையை எழுதுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள்.

அரசியலுக்குள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சிறைவாசம். 1829இல் மேல் கனடாவின் (இன்றைய தெற்கு ஒண்டாரியோ) துணை ஆளுநர் கோல்போர்னின் உருவப் பொம்மை ஒன்று ஹாமில்டனில் தொங்கவிடப்பட்டது. அதை விசாரித்த சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்ல மக்நாப் மறுத்தார். சீர்திருத்தக்காரர்கள் பெரும்பான்மையாக இருந்த அவை, அவர்களில் ஒருவரான வில்லியம் லையன் மெக்கென்சியின் முனைப்பால், அவரைப் பத்து நாள் சிறைக்கு அனுப்பியது. மெக்கென்சி நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. சிறையிலிருந்து மக்நாப் அரச விசுவாசிகளின் தியாகியாக வெளியே வந்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் வென்ட்வொர்த் தொகுதியிலிருந்து வென்று அதே அவைக்குள் நுழைந்தார். பிறகு மெக்கென்சியை அந்த அவையிலிருந்து மீண்டும் மீண்டும் வெளியேற்றிய தீர்மானங்களில் அவர் முன்னின்றார். இந்தப் பகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; எட்டு ஆண்டுகள் கழித்து இருவரும் நயாகரா ஆற்றின் இருபுறமும் பீரங்கியோடு நிற்கப் போகிறார்கள்.

1832இல் பர்லிங்டன் ஹைட்ஸ் என்ற மேட்டு நிலத்தை 2,500 பவுண்டுக்கு வாங்கினார். 1812ஆம் ஆண்டுப் போரில் பிரிட்டிஷ் படை பாசறையிட்ட மேடு அது. 1813 ஜூனில் ஸ்டோனி கிரீக் இரவுத் தாக்குதலுக்குப் படை புறப்பட்டதும் அங்கிருந்துதான். அந்த மண் அரண்களின் மேல், முன்பே இருந்த ஒரு செங்கல் வீட்டையும் உள்ளடக்கி, ராபர்ட் வெதரெல் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு மாளிகை எழுப்பினார். ஸ்காட்லாந்தில் தம் முன்னோர் ஊரின் பெயரான டண்டர்ன் என்பதையே அதற்கும் வைத்தார். கட்டுமானம் முடியும் தறுவாயில், 1834இல், அவருடைய ஒரே மகன் ராபர்ட் துப்பாக்கி விபத்தில் இறந்தான். யாருக்காக வம்சப் பெயரைக் கல்லில் எழுதினாரோ அந்த வாரிசு குடிபுகுமுன்பே போய்விட்டான்.

அந்த வீட்டின் மேல்தளங்களைவிட நிலவறைச் சமையற்கட்டே எனக்கு அவரை விளங்கவைத்தது. மேலே உயர்ந்த விட்டம், சாளரம் நிறைய ஏரி நீர், வெள்ளைப் பூச்சுச் சுவர், தூண் வைத்த முகப்பு. மாடிப்படியில் கீழே இறங்கினால் தாழ்ந்த கூரை, புகை படிந்த அடுப்புவாய், கிணறு, பனிக்கட்டி சேமிக்கும் குழி. மேலே நடந்த ஒவ்வொரு விருந்துக்கும் கீழே எத்தனை பேர் விடியலிலிருந்து விறகு சுமந்திருப்பார்கள் என்பது அங்கே நின்றால்தான் தெரிகிறது. இத்தனைக்கும் அவருக்கு நிலையான வருமானம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வழக்கறிஞர் தொழில் இருந்தது. மீதியெல்லாம் நிலத்தை ஈடுவைத்து வாங்கிய பணம். ஹாமில்டனில் உருவான கோர் வங்கியின் பின்னணியிலும் அவர் இருந்தார். சொந்த ஊரில் சொந்தச் செல்வாக்குள்ள வங்கி இருப்பது கடன் வாங்குகிறவருக்கு எவ்வளவு வசதி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1837 டிசம்பர் தொடக்கத்தில் மெக்கென்சியின் ஆட்கள் டொரண்டோவுக்கு வடக்கே மாண்ட்கோமரி விடுதியில் அரசுக்கு எதிராகக் கலகம் செய்ய ஆயுதங்களோடு கூடினார்கள். அப்போது சட்டமன்றச் சபாநாயகராக இருந்த மக்நாப், செய்தி கேட்டதும் ஹாமில்டன் துறையில் நின்ற நீராவிக் கப்பல் ஒன்றில் அறுபத்துச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு அன்றிரவே தலைநகருக்கு வந்து சேர்ந்தார். நடுங்கிக்கொண்டிருந்த நகரத்துக்கு அவருடைய வருகை பெரும் தெம்பைத் தந்தது. டிசம்பர் 7ஆம் தேதி யங் தெரு வழியாகச் சென்ற அரசுப் படை சிறிது நேரத்திலேயே கலகக்காரர்களைச் சிதறடித்தது. அங்கிருந்து அவர் மேற்கே டங்கோம் என்ற மருத்துவர் திரட்டிய கூட்டத்தை அடக்க அனுப்பப்பட்டார். அவர் போய்ச் சேரும் முன்பே அது கலைந்துவிட்டது. சரணடைந்த சாதாரண விவசாயிகளிடம் அவர் கருணை காட்ட விரும்பினார், தலைவர்கள்மீது மட்டுமே கடுமை வேண்டும் என்றார் என்பதை அவருடைய கணக்கில் வரவாகவே எழுத வேண்டும். வெற்றி பெற்ற கட்சியில் அந்த மாதம் அப்படிப் பேசியவர்கள் அதிகமில்லை.

மெக்கென்சி எல்லை தாண்டித் தப்பி, நயாகரா அருவிக்கு மேலே ஆற்றின் நடுவிலுள்ள, கனடாவுக்குச் சொந்தமான நேவி தீவைப் பிடித்துக்கொண்டு, அங்கே ஒரு குடியரசையே அறிவித்தார். அமெரிக்கக் கரையிலிருந்து ஆட்களும் உணவும் ஆயுதங்களும் தீவுக்கு வந்தன. கனடாக் கரையில் மக்நாப் தலைமையில் குடிப்படையினர் ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள். அவர்களோடு ஆறு தேசங்கள் எனப்படும் பூர்வகுடிக் கூட்டமைப்பின் வீரர்களும், அமெரிக்க அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்து கனடாவில் குடியேறிய கறுப்பினத்தவரின் தனிப் பிரிவும் நின்றன. இந்தக் கடைசிப் பிரிவினருக்கு அந்தப் போர் வெறும் அரச விசுவாசம் அல்ல. எல்லையின் எந்தப் பக்கம் வெல்கிறது என்பதில் அவர்கள் கழுத்தே தங்கியிருந்தது.

தீவுக்கும் அமெரிக்கக் கரைக்கும் இடையே ஓடத் தொடங்கிய சிறிய நீராவிக் கப்பல்தான் கரோலைன். டிசம்பர் 29ஆம் தேதி இரவு, அதை அழிக்கும்படி மக்நாப் கட்டளையிட்டார். காரியத்தை ஏற்றவர் கடற்படை அதிகாரியான ஆண்ட்ரூ டிரூ. ஏழு படகுகள் துடுப்புப் போட்டுப் புறப்பட்டன. கீழே சில மைல் தூரத்தில் அருவி, சுற்றிலும் குளிர்கால இருட்டு, இழுத்துப்போகும் நீரோட்டம். ஐந்து படகுகளே போய்ச் சேர்ந்தன. கப்பல் தீவருகே இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள், அது அமெரிக்கக் கரையில் ஷ்லாசர் துறையில் கட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். திரும்பி வராமல், அந்நிய நாட்டுக் கரையிலேயே ஏறிச் சண்டையிட்டு, கப்பலிலிருந்தவர்களை விரட்டி, கட்டவிழ்த்து, நெருப்பு வைத்து, ஆற்றோடு விட்டார்கள். எரிந்துகொண்டே மிதந்த கப்பல் அருவியை எட்டும் முன்பே உடைந்து மூழ்கியது. துண்டுகள் மட்டும் அருவியில் விழுந்தன. ஆட்களோடு முழுக் கப்பலும் அருவியில் விழுந்ததாக அமெரிக்கப் பத்திரிகைகள் வரைந்த படங்கள் கற்பனை. இறந்தவராக உறுதியாகத் தெரிய வருபவர் ஏமஸ் டர்ஃபி ஒருவர்தான். அவருடைய உடல் பஃபலோ நகரத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது; எல்லை நெடுகக் கோபம் பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், சர் ராபர்ட் பீல் என்ற பிரிட்டிஷ் கப்பலைக் கரோலைனின் பெயரைக் கூவிக்கொண்டே ஒரு கூட்டம் கொளுத்தியது.

எனவே, எரித்த கை டிரூவுடையது, கட்டளை மக்நாபுடையது. ஒரு மாகாணக் குடிப்படைத் தளபதியின் அந்த ஓர் இரவுக் கட்டளை உலகச் சட்டத்தில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது. கரோலைன் தாக்குதலில் பங்குகொண்டதாக அலெக்சாண்டர் மக்லியட் என்பவரை நியூயார்க் மாநிலம் கைது செய்து 1841இல் விசாரித்து விடுவித்தது. அதையொட்டி அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் பிரிட்டனுக்கு எழுதிய கடிதங்களில் ஓர் அளவுகோலை வகுத்தார். பிற நாட்டு எல்லைக்குள் புகுந்து தற்காப்பு என்ற பெயரில் தாக்குவதானால், ஆபத்து அந்தக் கணமே நெருக்குவதாகவும், வேறு வழிக்கும் யோசனைக்கும் இடந்தராததாகவும் இருக்க வேண்டும் என்பது அது. 1842இல் பிரிட்டனின் தூதர் ஆஷ்பர்ட்டன், அப்போதே விளக்கமும் வருத்தமும் தெரிவிக்காமல் போனதற்கு வருந்தி விஷயத்தை முடித்தார். முன்கூட்டியே தாக்குவது நியாயமா என்ற வாதம் எழும்போதெல்லாம் சர்வதேசச் சட்ட வல்லுநர்கள் இன்றும் கரோலைன் அளவுகோலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அந்த அளவுகோலை வைத்து மக்நாபின் கட்டளையையே எடைபோட்டால், அது தேறாது என்பது என் தீர்ப்பு. கப்பல் துறையில் கட்டிக்கிடந்தது. யோசிக்க நேரம் இருந்தது.

லண்டன் அரசு அப்படிப் பார்க்கவில்லை. 1838இல் அவருக்கு வீரப்பட்டம் கிடைத்து, அவர் சர் ஆலன் ஆனார். ஆனால் பட்டத்தோடு பதவி வரவில்லை. கடன் ஏறிக்கொண்டே போனது. 1841இல் மேல் கனடாவும் கீழ் கனடாவும் (இன்றைய கியூபெக்) ஒன்றாக்கப்பட்டபின், அவர் எதிர்க்கட்சித் தலைவராகவும் 1844 முதல் மீண்டும் சபாநாயகராகவும் இருந்தார். 1849இல், கீழ் கனடாவில் கலகக் காலத்தில் சொத்து இழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் மசோதா வந்தபோது, பிரெஞ்சுக் கனடியர்களை அந்நியர்கள், கலகக்காரர்கள் என்றே அவையில் சாடினார். ஏப்ரல் 25 இரவு, மாண்ட்ரியலில் ஒரு வன்முறைக் கூட்டம் பாராளுமன்றக் கட்டடத்தைக் கொளுத்தியது. தீ வைத்தவர் அவர் அல்லர். ஆனாலும் அந்தக் கூட்டத்தின் வாயில் இருந்தது பல மாதங்களாக அவரும் அவர் கட்சியினரும் பேசிய பேச்சுத்தான்.

அதற்கு முன்பே அவர் மனம் வேறு பக்கம் திரும்பிவிட்டிருந்தது. என் அரசியலெல்லாம் ரயில்பாதைதான் என்று அவர் சொன்னதாக வழங்கும் வாக்கு கனடாவில் மிகப் புகழ்பெற்றது. நயாகராவிலிருந்து ஹாமில்டன், கனடாவிலேயே உள்ள லண்டன் என்ற ஊர் வழியாக டெட்ராய்டுக்கு எதிர்க்கரையான வின்ட்சர் வரை, 229 மைல் நீளத்துக்குத் திட்டமிட்ட கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு 1845இல் தலைவரானார். மேற்கு அமெரிக்காவின் சரக்கு நியூயார்க்குக்குப் போகக் குறுக்குவழி கனடாவினூடே இருக்கிறது. அந்தக் குறுக்குவழியில் ஹாமில்டன் உட்கார்ந்திருக்கிறது. திட்டத்தின் சாரம் இவ்வளவுதான். பணத்துக்கு இங்கிலாந்தின் லண்டனுக்குப் போனார். அது போதாமல் நியூயார்க், பாஸ்டன் முதலாளிகளிடமும் நிறுவனம் கையேந்தியது. அமெரிக்கக் கப்பலை எரிக்கச் சொன்னவரின் ரயில்பாதை, அமெரிக்க மூலதனத்தாலும் அமெரிக்கச் சரக்காலும் உயிர்பெற்றது.

இங்கேதான் நாற்காலி உதவியது. 1849ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டப்படி, 75 மைலுக்கு மேற்பட்ட பாதையைப் பாதியளவு கட்டிமுடித்த நிறுவனத்தின் கடன் பத்திரங்களுக்கு, மாகாண அரசே வட்டிக்குப் பொறுப்பேற்கும். ரயில்பாதை மசோதாக்களைப் பரிசீலிக்கும் அவைக் குழுவுக்கு நெடுங்காலம் தலைமை வகித்தவர் சர் ஆலன். நிறுவனத்தின் இயக்குநர் ஒருவரே சலுகையை வழங்கும் குழுவுக்கும் தலைவராக இருப்பது அக்காலச் சட்டத்துக்கு விரோதமல்ல. அன்றைய அவையில் அது புதுமையும் அல்ல. அதனால் அது சரியாகிவிடாது. அரசுக் கருவூலம் உத்தரவாதம் தந்ததால்தான் பாதை வந்தது, பாதை வந்ததால்தான் ஹாமில்டன் தொழில் நகரமானது என்பதும் அதே அளவுக்கு உண்மை. 1854 ஜனவரியில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே அவர் நிறுவனத்தின் நிர்வாகத்திலிருந்து விலக நேர்ந்தது. 1857 மார்ச் 12 அன்று, அதே பாதையில், டண்டர்ன் மேட்டுக்கு அருகிலேயே, டெஜார்டின்ஸ் கால்வாய்ப் பாலம் உடைந்து ரயில் உறைபனியில் விழுந்து 59 பேர் இறந்தார்கள். ரயில்பாதை ஒப்பந்தங்களால் பெரும் செல்வரான சாமுவேல் சிம்மர்மன் அவர்களில் ஒருவர்.

1854 செப்டம்பரில் அவர் ஆட்சித் தலைவரானார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் யாரை அந்நியர் என்றாரோ அவர்களுடைய தலைவர் மோரினோடும், பிறகு டாஷேயோடும் சேர்ந்து கூட்டு அமைச்சரவை நடத்தினார். ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு ஒதுக்கிய நிலங்களைப் பொதுப் பயனுக்கு மாற்றியது, கியூபெக்கின் பழைய பிரபு நில முறையை ஒழித்தது, 1855ஆம் ஆண்டுச் சட்டத்தால் சம்பளம் பெறும் தொண்டர் படையை உருவாக்கியது ஆகியவை அந்த ஆட்சியின் செயல்கள். இவற்றில் முதல் இரண்டையும் அவர் வாழ்நாள் முழுதும் எதிர்த்துவந்த சீர்திருத்தக்காரர்களே கேட்டிருந்தார்கள். இதைச் சந்தர்ப்பவாதம் என்பவர்கள் உண்டு. நான் அப்படி முழுக்க நினைக்கவில்லை. தோற்ற சண்டையைத் தோற்றதாக ஒப்புக்கொண்டு, இரு மொழியினரும் ஓர் அமைச்சரவையில் அமரும் பழக்கத்துக்குத் தம் கட்சியைப் பழக்கியவர் அவர். பலனை அறுவடை செய்தவர் அவருக்குக் கீழே இருந்த ஜான் ஏ. மெக்டொனால்ட், பின்னாளில் கனடாவின் முதல் பிரதமர்.

அவரே சர் ஆலனை இறக்கினார். கீல்வாதம் முற்றிப் படுக்கையிலேயே கிடந்த தலைவரை வைத்துக்கொண்டு ஆட்சி நடக்காது என்று 1856 மே மாதத்தில் அமைச்சர்கள் பதவி விலகி அவரைத் தனிமைப்படுத்தினார்கள். நடக்க முடியாத நிலையில், ஆட்கள் அவையினுள் சுமந்துவர, உட்கார்ந்தபடியே தமக்கு நேர்ந்ததை எடுத்துச் சொன்னார் அந்தக் கிழவர். 14 வயதில் துப்பாக்கி தூக்கியவருக்கு 58 வயதில் நேர்ந்த கதி அது. கேட்டவர்கள் கலங்கினாலும், ஆட்சி மெக்டொனால்ட் கைக்குத்தான் போனது.

அதன்பின் இங்கிலாந்து சென்று பிரைட்டனில் குடியிருந்தார். 1858இல் பரம்பரைப் பட்டமான பாரனெட் கிடைத்தது, ஏற்க மகன் இல்லாதபோது. 1859இல் பிரைட்டன் தொகுதியில் நின்று தோற்றார். திரும்பிவந்து மேலவைக்குத் தேர்வாகி, 1862இல் அதன் சபாநாயகருமானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று டண்டர்னில் காலமானார். சாவுப் படுக்கையில் அவர் கத்தோலிக்கராக மாறிவிட்டார் என்று ஒரு தரப்பும், அது உற்றார் செய்த சூழ்ச்சி என்று ஆங்கிலிக்கன் தரப்பும் சண்டையிட்டன. அடக்கச் சடங்கு கத்தோலிக்க முறையில் நடந்தபோது, பழைய நண்பர்கள் பலர் விலகிப் போனார்கள்.

இரண்டாவது மனைவி மேரி ஸ்டூவர்ட் கத்தோலிக்கர், 1846இல் இறந்தார். அந்த ஆண்டு அவரிடம் பிறந்த மூத்த மகள் சோஃபியா, 13 வயதுச் சிறுமி, எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. மேலே நோயுற்ற தாய், பாடம், தோட்டம், அப்பா ஊரிலிருந்து வருவதும் போவதும் என்று அந்த வீட்டின் அன்றாடத்தை அவ்வளவு கிட்டத்தில் காட்டும் ஆவணம் வேறில்லை. 1855இல் அதே வீட்டில் சோஃபியா பரி பிரபுவை மணந்தார்; அவர்கள் வழியில் வந்தவர்தான் இன்றைய பிரிட்டிஷ் அரசி கமிலா.

மூன்றாவது கேள்விக்கு விடை கடனில் இருக்கிறது. சொத்தைவிடக் கடன் பெரிதாக விட்டுச்சென்றதால், அவர் இறந்ததும் வீட்டுப் பொருள்கள் விற்பனைக்குப் போயின. மாளிகை சில காலம் செவித்திறன் அற்ற பிள்ளைகளின் பள்ளியாக இருந்து, பிறகு டொனால்ட் மெக்கின்னஸ் என்ற செல்வர் கைக்கு மாறி, நூற்றாண்டின் முடிவில் நகராட்சிக்கு வந்தது. கனடா நூற்றாண்டு விழாவான 1967ஐ ஒட்டி, அவர் ஆட்சியில் இருந்த 1855ஆம் ஆண்டுத் தோற்றத்துக்கு அதை மீட்டார்கள். நீங்கள் பார்த்த மேசை நாற்காலிகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தவை; வேறு வேறு வீடுகளிலிருந்து தேடிச் சேர்த்தவை. சுவர்களும், நிலவறை அடுப்பும், ஏரியைப் பார்க்கும் சாளரங்களும் அவருடையவை.